சன்னமான கச்சேரி மட்டும் ஏன் கிழிகிறது? ஒரு மியூசிக் பிளேயரைச் சரிசெய்த அனுபவம்

சத்தமாகப் பதிவான புதுப் பாட்டெல்லாம் சுத்தமாகக் கேட்கிறது, சன்னமாகப் பதிவான பழைய கச்சேரிகள் மட்டும் கிழிகின்றன. பிரச்சினை இதுதான். வழக்கமாக இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும், சத்தம் கூடினால்தான் கிழியும். இங்கே தலைகீழாக நடந்ததால் ஸ்பீக்கர் மேல் சந்தேகம் வரவில்லை, உள்ளே எங்கோ கணக்கு தப்புகிறது என்றுதான் பட்டது.

பிளேயர் லினக்ஸில் ஓடுவது, சி மொழியில் எழுதப்பட்ட சின்ன கட்டற்ற மென்பொருள். பெயர் இங்கே முக்கியமில்லை, இந்த வகைப் பிழை எந்த பிளேயரிலும் வரக்கூடியது. அதில் நான் அதிகம் கேட்பது மாமா சேர்த்து வைத்திருந்த கேசட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றிய கச்சேரிகள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, உச்சம் 0 டெசிபலை, அதாவது கணினி ஒலியின் கூரையை, தொடாமல் பார்த்துக்கொண்டு, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளாகச் சேமித்தவை. புதிய பதிப்புக்கு அப்டேட் செய்த பிறகு தனி ஆவர்த்தனம் வரும் இடமெல்லாம் கெட்டுப்போனது. மிருதங்கத்தின் தொப்பியில் (இடது முகத்தில்) அடி விழும்போதெல்லாம் 'க்ர்ர்' என்று ஒரு கிழிசல், அதே வினாடியில் பின்னால் ஓடும் தம்புரா தெளிவாக இருக்கிறது. மாமாவிடம் போட்டுக் காட்டினேன். "கேசட்டு தேஞ்சு போயிருக்கும் மாப்ளே, அது என்ன நேத்து வாங்குனதா" என்றார். ஆனால் டேப் தேய்ந்தால் மேல் ஸ்தாயி மங்கும், இரைச்சல் கூடும், சத்தம் ஏறி இறங்கும். அடிக்கு அடி கிழியாது. அதோடு அதே கோப்பு வேறு பிளேயரில் நன்றாகவே ஓடியது. கோப்பிலும் குறையில்லை, ஹெட்போனிலும் குறையில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இதில் நான் முதலில் சொல்ல நினைப்பது, "சவுண்டு சரியில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காதால் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

சீரற்ற இடைவெளியில் 'டிக்', 'டப்' என்று வெட்டுவது, பாட்டில் எந்த இடம் ஓடுகிறது என்பதோடு சம்பந்தமே இல்லாமல் வருவது, பிரவுசரில் கனமான பக்கம் ஒன்றைத் திறந்தால் கூடுவது, இதெல்லாம் பஃபர், அதாவது அடுத்த ஒலித் துண்டுகள் காத்திருக்கும் தற்காலிக இடம், காலியாவது. ஒலி அட்டைக்குத் தேவையான நேரத்தில் பிளேயர் அடுத்த துண்டைக் கொடுக்கவில்லை. 48,000 ஹெர்ட்ஸில் 1024 ஃபிரேம் பஃபர் என்றால் கையில் இருப்பது 21 மில்லி வினாடி மட்டுமே, அதற்குள் கணினி வேறு வேலையில் மூழ்கிவிட்டால் ஓர் ஓட்டை விழும். இதைப் பஃபரைப் பெரிதாக்கித் தீர்க்கலாம். இதற்கு ஒரு நல்ல பரிசோதனை உண்டு, அதே பாட்டைத் திரும்பப் போடுங்கள். வெட்டு விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் பஃபர். ஒவ்வொரு முறையும் அதே அடியில், அதே ஸ்வரத்தில் கிழிந்தால் பஃபர் இல்லை, வேறு இடத்தில் தேடுங்கள்.

பாடகரின் குரல் கொஞ்சம் கீச்சென்று, வேகமாகக் கேட்டால் சாம்பிள் ரேட் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம் என்பது) குழப்பம். 44,100-ல் பதிந்ததை 48,000 என்று நினைத்து ஓட்டினால் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகம் கூடும், ஸ்ருதி முக்கால் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே தெரியும், மற்றவர்கள் "என்னமோ மாதிரி இருக்கு" என்பார்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு திடீரென்று போன் குரல் தரத்துக்கு இறங்கினால் ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், ஹெட்செட் பேச்சுக்கான புரொஃபைலுக்கு மாறி 8,000 அல்லது 16,000 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். மைக்கைப் பயன்படுத்தும் செயலியை மூடினால் சரியாகும். இவை இரண்டும் பிளேயரின் கோளாறாக இருக்க வேண்டும் என்பதே இல்லை.

மிச்சம் இருப்பது கிளிப்பிங், அதாவது அலையின் உச்சி இடமில்லாமல் தட்டையாவது. இது உரத்த இடங்களில் மட்டும் வரும், கொஞ்சம் தடித்த, அடைத்த மாதிரியான கரகரப்பு. கடைசியாக, கிளிப்பிங்கை விட மோசமான ஒன்று: எண் வழிந்து மறுபக்கம் போவது. எனக்கு வந்தது இதுதான், ஆனால் இதைக் காதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

ஒரு விஷயம், இந்த மாதிரி சோதனைக்கு எந்தப் பாட்டை எடுக்கிறோம் என்பது முக்கியம். நாகஸ்வரத்தில் இயல்பாகவே ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக வரும் ஒலிகள்) நிறைய உண்டு, லேசாகக் கிளிப் ஆனால் அந்தக் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடும். எலக்ட்ரிக் கிடாரும் அப்படித்தான், அதில் பாதி வேண்டுமென்றே கிழித்தது. புல்லாங்குழல் அப்படி இல்லை, அதன் ஒலி எளிமையானது, அதில் ஒரு பிசிறு சேர்ந்தாலும் தனியாகத் தெரிந்துவிடும். அடியின் உச்சியைச் சோதிக்க மிருதங்கம், தொடர்ச்சியைச் சோதிக்க புல்லாங்குழல் அல்லது தம்புரா என்று வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து, பிழை பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோப்பு, அதைத் திறந்து ஒலி எண்களாக்கும் டிகோடர், சத்த அளவைச் சமன்செய்யும் படி, ஈக்வலைசர், பிளேயரின் வால்யூம், பிறகு லினக்ஸின் ஒலி அடுக்குகளான பைப்வயரோ பல்ஸ்ஆடியோவோ, அப்புறம் ஆல்சா, ஒலி அட்டை, ஸ்பீக்கர். இவ்வளவு படிகள். இதற்குப் பணம் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பிளேயரின் வால்யூமைக் கால்வாசிக்கு இறக்கி, சிஸ்டம் வால்யூமை அதற்கேற்ப ஏற்றுங்கள். கிழிசல் போய்விட்டால் பிழை பிளேயர் வால்யூமுக்கு அப்புறம் இருக்கிறது. பிளேயர் வால்யூமை இறக்கியும் கிழிசல் அப்படியே இருந்தால், வால்யூமுக்கு வந்து சேரும் முன்பே ஒலி கெட்டுவிட்டது. எனக்கு இரண்டாவது நடந்தது. சரி, டிகோடருக்கும் வால்யூமுக்கும் இடையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றாக அணைத்தேன். ஈக்வலைசர் அணைந்துதான் இருந்தது. பாட்டுகளின் சத்த அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெயினை அணைத்ததும் மிருதங்கம் சுத்தமாக விழுந்தது.

'அணைத்தால் சரியாகிறது' என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். அதை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்தான். எனக்கு அதில் திருப்தி இல்லை, ஏனென்றால் பழைய கச்சேரியும் புதுப் பாட்டும் கலந்து கேட்கும் என் போன்றவர்களுக்கு ரீப்ளேகெயின் இல்லாமல் ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூமைத் திருக வேண்டியிருக்கும். டேவிட் ராபின்சன் 2001-ல் முன்வைத்த யோசனை இது: பாட்டை முன்கூட்டியே ஒருமுறை அளந்து, காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கும் என்று கணக்கிட்டு, அதை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவர எத்தனை டெசிபல் கூட்ட வேண்டும் அல்லது குறைக்க வேண்டும் என்பதைக் கோப்பின் டேகில் (கோப்போடு ஒட்டிய குறிப்பில்) எழுதி வைப்பது. பாட்டு மாறாது, ஓட்டும்போது பிளேயர் அந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளும். பொது அளவாக நடைமுறையில் நின்றது 89 டெசிபல்.

தலைகீழ் மர்மம் இங்கேதான் அவிழ்ந்தது. இன்றைய சினிமாப் பாட்டுகள் உச்சம் முட்ட அழுத்திப் பதியப்படுபவை, அவற்றுக்கு ரீப்ளேகெயின் மைனஸ் 8, மைனஸ் 9 என்று வரும். எண்ணைக் குறைப்பதால் வழிய வாய்ப்பே இல்லை. கேசட்டிலிருந்து எடுத்த கச்சேரிகளில் சராசரிச் சத்தம் குறைவு, அதனால் கெயின் பிளஸ் 3, பிளஸ் 4 என்று வருகிறது. ஆனால் மிருதங்க அடியின் உச்சி மட்டும் ஏற்கெனவே கூரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரசிகர்களின் கைதட்டலும் அப்படித்தான், சராசரி குறைவு, உச்சி கூர்மை. அந்த உச்சியை மேலும் தூக்கினால் எங்கே போகும்?

எங்கே போகிறது என்பதை எண்களாகவே பார்க்கலாம். 16 பிட் ஒலியில் ஒரு சாம்பிள் மைனஸ் 32768-லிருந்து 32767 வரைதான் இருக்க முடியும். பிளஸ் 3 டெசிபல் என்பது 1.4125-ஆல் பெருக்குவது. அலை ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22000 வருகிறது, பெருக்கினால் 31075, பரவாயில்லை. அடுத்தது 23000, பெருக்கினால் 32487, மயிரிழையில் உள்ளே. அடுத்தது 24000, பெருக்கினால் 33900. இது 16 பிட்டில் அடங்காது. கட்டுப்படுத்தாமல் அப்படியே 16 பிட்டுக்குள் திணித்தால் அதிலிருந்து 65536 கழிந்து மைனஸ் 31636 ஆகிவிடுகிறது. அதாவது ஸ்பீக்கரின் கூம்பை முன்னால் தள்ளிக்கொண்டே வந்து, உச்சியில் ஒரே சாம்பிளில், வினாடியில் 44,100-ல் ஒரு பங்கு நேரத்தில், பின்பக்கக் கடைசிக்குப் போ என்று சொல்கிறோம். அது போக முடியாது, கிழிகிறது. அடியின் உச்சி அடங்கியதும் எண்கள் திரும்ப எல்லைக்குள் வந்துவிடும், தம்புரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இது ஊகம் இல்லை என்று கண்ணால் பார்க்க, வெளியே போகும் ஒலியைத் திரும்பப் பதிவு செய்தேன். பல்ஸ்ஆடியோவிலும் பைப்வயரிலும் ஒரு வெற்று வெளியீட்டுச் சாதனத்தை உருவாக்கி, பிளேயரை அதற்குள் பாடவிட்டு, அதன் 'மானிட்டர்' பக்கத்தை ஆடாசிட்டியில் பதியலாம். ஒலி அட்டையும் மைக்கும் இதில் குறுக்கே வரவே வராது. பதிந்ததைச் சாம்பிள் சாம்பிளாகத் தெரியும் வரை பெரிதாக்கினால் நோய் அப்படியே படமாகத் தெரியும். பஃபர் காலியானால் அலைக்கு நடுவில் ஒரு தட்டையான பூஜ்ஜியப் பள்ளம் அல்லது முந்தைய துண்டே திரும்ப வந்திருக்கும். கிளிப்பிங் என்றால் உச்சி சீவிவிட்ட மாதிரி நேர்க்கோடாக இருக்கும், ஆடாசிட்டியில் கிளிப்பிங்கைக் காட்டச் சொல்லியிருந்தால் அந்த இடம் சிவப்பாகும். வழிதல் என்றால் உச்சிக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு கீழே இறங்கி, அலையின் தலை மட்டும் வெட்டப்பட்டு படத்தின் அடியில் ஒட்டியிருக்கும், பிறகு மீண்டும் செங்குத்தாக மேலே. என் படத்தில் இருந்தது இதுதான். பிழை தேடுகிற யாரும் இந்தப் படத்தைப் பார்க்காமல் நிரலைத் திறக்க வேண்டாம் என்பேன்.

அடுத்த வேலை, கச்சேரியைக் கைவிட்டு, பிழையை மட்டும் காட்டும் ஒரு சின்ன கோப்பைத் தயாரிப்பது. ஆடாசிட்டியில் 440 ஹெர்ட்ஸ் சைன் அலை, உயரம் 0.8, சில வினாடிகள் போதும். அதை ஃப்ளாக்காக்கி, ரீப்ளேகெயின் டேகில் பிளஸ் 3 என்று கையால் எழுதினேன். 0.8 என்றால் உச்சி 26213, அதை 1.4125-ஆல் பெருக்கினால் 37 ஆயிரத்தைத் தாண்டும், கட்டாயம் வழியும். பாட்டில் எப்போதோ வரும் பிழை இதில் ஒவ்வொரு சுற்றிலும் வரும். சைன் அலையில் இன்னொரு வசதி, எது சரியான விடை என்று கணக்குப் போட்டே சொல்லலாம். 440 ஹெர்ட்ஸில், முழு உயரத்தில்கூட அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களுக்கு இடையிலான வித்தியாசம் 2054-ஐத் தாண்டாது. கெயினைச் சேர்த்தாலும் 2400-க்குள்தான். வழிந்தால் அந்த வித்தியாசம் 60 ஆயிரத்துக்கு மேல் எகிறும். ஆக, காது தேவையே இல்லை. பிளேயரைக் கோப்பில் எழுதச் சொல்லி, அடுத்தடுத்த சாம்பிள்களின் அதிகபட்ச வித்தியாசத்தைப் பார்க்கும் பத்து வரிப் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று 'நல்லது', 'கெட்டது' என்று சொல்லிவிடும்.

அந்த ஸ்கிரிப்ட் கையில் இருந்தால், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை பொன் போன்றது. நன்றாக ஓடிய பழைய பதிப்பு ஒன்றையும் கெட்ட பதிப்பு ஒன்றையும் சொல்லிவிட்டால், நடுவில் உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய் முதல் கெட்ட மாற்றத்தைக் காட்டும். நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்து சோதனையில் முடிந்துவிடும். ஸ்கிரிப்டை அதனிடமே கொடுத்துவிட்டால் தானாக ஓடும். பழைய பதிப்புகளில் சில உங்கள் கணினியில் கம்பைலே ஆகாது, நூலகங்கள் மாறியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேறினால், அந்த மாற்றத்தை நல்லது கெட்டது என்று எதிலும் சேர்க்காமல் பைசெக்ட் தாண்டிப் போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாத் தோல்வியையும் 'கெட்டது' என்று சொல்லும்படி ஸ்கிரிப்ட் எழுதினால் பைசெக்ட் சம்பந்தமில்லாத ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்.

பிடிபட்ட மாற்றம் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். முன்பு டிகோடரிலிருந்து வந்த சாம்பிளை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றி, கெயினால் பெருக்கி, திரும்ப 16 பிட்டாக்கும்போது எல்லைக்குள் கட்டுப்படுத்தியிருந்தார்கள். ஃப்ளோட் கணக்கு மெதுவாக ஓடும் சின்னச் செயலிகளுக்காக அந்தப் பெருக்கலை முழு எண்ணிலேயே செய்யும்படி புதிதாக எழுதியபோது, 32 பிட்டில் வந்த விடையை நேராக 16 பிட் மாறியில் வைத்துவிட்டார்கள், இடையில் இருந்த எல்லைச் சோதனை போய்விட்டது. கம்பைலர் ஒன்றும் சொல்லாது, சோதித்தவர்கள் போட்டுப் பார்த்தது புதுப் பாட்டுகளாக இருந்திருக்கும், அவற்றில் கெயின் மைனஸ், யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது.

உடனடி மருந்து இரண்டு வரி. 32767-ஐத் தாண்டினால் 32767, மைனஸ் 32768-க்குக் கீழே போனால் மைனஸ் 32768. இதைப் போட்டதும் கிழிசல் நின்றது. ஆனால் இதோடு விட்டால் வழிதல் கிளிப்பிங்காக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சைன் கோப்பை ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் பார்வையில் பார்த்தால் 440-ல் இருக்க வேண்டிய ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் 1320, 2200, 3080 என்று ஒற்றைப்படை மடங்குகள் முளைத்து நிற்கின்றன. உச்சி சீவப்பட்டதன் கையெழுத்து அது. மிருதங்கத்தில் இது காதுக்கு அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், புல்லாங்குழலில் தெரியும்.

சரியான தீர்வு ரீப்ளேகெயினுக்குள்ளேயே இருக்கிறது. கெயினோடு சேர்த்து, அந்தப் பாட்டின் உச்சி எவ்வளவு என்பதையும் டேகில் எழுதுகிறார்கள். உச்சி 0.9 என்றால், வழியாமல் பெருக்கக்கூடிய அதிகபட்சம் 1-ஐ 0.9-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 1.11, கிட்டத்தட்ட 0.9 டெசிபல். கெயின் பிளஸ் 4 என்று கேட்டாலும் பிளேயர் 0.9 மட்டும் கொடுக்க வேண்டும். இதனால் என் கச்சேரிகள் சினிமாப் பாட்டுகளை விடச் சன்னமாகவே கேட்கும், உண்மைதான். சத்தம் போதாவிட்டால் வால்யூமைத் திருகிக்கொள்ளலாம், சீவிய மிருதங்கத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. என் கட்சி எப்போதும் உச்சியைக் காப்பாற்றுகிற கட்சி. இன்னொரு பக்கம், கணக்கைத் திரும்ப ஃப்ளோட்டுக்கே கொண்டுபோய், 16 பிட்டாக மாற்றுவதை வரிசையின் கடைசிக்குத் தள்ளினேன். 32 பிட் ஃப்ளோட் ஒரு 16 பிட் சாம்பிளை ஒரு துளி இழப்பில்லாமல் தாங்கும், இடையில் 1-ஐத் தாண்டினாலும் கெடாது, பின்னால் வால்யூம் குறைத்தால் திரும்ப உள்ளே வந்துவிடும். இரண்டு சானலுக்கும் சேர்த்து வினாடிக்கு 88,200 பெருக்கல், இன்றைய செயலிகளுக்கு இது ஒரு சுமையே இல்லை. பழைய சாதனங்களுக்கு முழு எண் பாதையும் இருக்கட்டும், ஆனால் எல்லைச் சோதனையோடு.

ஃப்ளோட் பாதைக்கு இன்னொரு நல்ல காரணம் எம்பி3. அழுத்திச் சுருக்கும்போது அலையின் வடிவம் கொஞ்சம் மாறுகிறது, அதனால் முதலில் கூரைக்குள் இருந்த பாட்டு டிகோட் ஆகும்போது 1-ஐத் தாண்டி 1.05, 1.1 என்று வரலாம், உரத்துப் பதிந்த பாட்டுகளில் இது சாதாரணம். டிகோடரையே 16 பிட் கொடு என்று கேட்டால் அங்கேயே சீவிவிடும், பின்னால் எவ்வளவு கெயின் குறைத்தும் பயனில்லை.

பிழை அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம். கச்சேரிக் கோப்பை நான் அனுப்பவில்லை, உரிமைப் பிரச்சினையும் உண்டு, அவர்களுக்கு அது தேவையும் இல்லை. சைன் கோப்பு, ஸ்கிரிப்ட், அலைப் படம், பைசெக்ட் காட்டிய மாற்றத்தின் எண், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, இவ்வளவுதான் அனுப்பினேன். பராமரிப்பவர் அன்றைக்கே தன் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டார். நான் எழுதிய பேட்சை (திருத்த நிரலை) இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்: எல்லைச் சோதனை மட்டும் தனியாக, அது அடுத்த சின்ன வெளியீட்டிலேயே போய்விடும், ஃப்ளோட் பாதையும் உச்சிக் கணக்கும் தனியாக, அதை நிதானமாகப் பார்க்கலாம் என்று. நல்ல யோசனை. பெரிய திருத்தத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்களின் ஸ்பீக்கர் ஏன் கிழிய வேண்டும். அந்தச் சைன் கோப்பும் வித்தியாசச் சோதனையும் இப்போது பிளேயரின் தானியங்கிச் சோதனைகளில் சேர்ந்துவிட்டன, இனி யாராவது அந்த எல்லைச் சோதனையைத் தூக்கினால் கம்பைல் ஆன கையோடு தெரிந்துவிடும்.

நிரல் எழுதாதவர்களும் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உங்கள் பிளேயரில் ரீப்ளேகெயின் இருந்தால் அதன் அமைப்பில் கிளிப்பிங்கைத் தடுக்கும் ஒரு டிக் பெட்டி பெரும்பாலும் இருக்கும், போட்டுவிடுங்கள். ஈக்வலைசர் பயன்படுத்துபவர்கள் பாஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதி அலை இரண்டு மடங்காகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஈக்வலைசரின் பிரிஆம்பை (மொத்தச் சத்தத்தையும் சேர்த்து ஏற்றி இறக்கும் திருகை), நீங்கள் ஏற்றிய அதிகபட்ச அளவுக்கே கீழே இறக்குங்கள், பாஸ் பிளஸ் 6 என்றால் பிரிஆம்ப் மைனஸ் 6. எல்லாப் பட்டைகளையும் மேலே தள்ளிவிட்டு "சூப்பரா இருக்கு" என்பவர்கள் கேட்பது பெரும்பாலும் சீவிய அலையை. விஎல்சி போன்ற பிளேயர்களில் வால்யூம் 100-ஐத் தாண்டியும் போகும், 100-க்கு மேல் போவது வெறும் பெருக்கல், பேச்சு சன்னமாக இருக்கும் வீடியோவுக்குப் பயன்படும், பாட்டுக்கு வேண்டாம். லினக்ஸில் கிழிசல் இல்லாமல் வெட்டு மட்டும் விழுந்தால், பல்ஸ்ஆடியோ வழியாகப் பேசும் செயலிகளுக்கு தாமதத்தை 60 மில்லி வினாடியாக வைக்கும் சூழல் மாறி ஒன்று உண்டு, அதை முயலுங்கள். கேசட்டை மாற்றுபவர்கள் பதிவின்போதே தலைக்கு மேல் இடம் விட்டுப் பதியுங்கள், உச்சி மைனஸ் 3-லிருந்து மைனஸ் 6 வரை. பதிவில் சீவியதை எந்த பிளேயராலும் மீட்க முடியாது. கச்சேரிக்கு ரீப்ளேகெயினில் பாட்டுக்குப் பாட்டு என்று இல்லாமல் ஆல்பம் கணக்கைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும், கச்சேரியின் ஏற்ற இறக்கமே போய்விடும்.

இன்னும் தீராதது, எம்பி3 போன்ற இன்னொரு சுருக்க வகையான ஓபஸ் கோப்புகள். அதில் ரீப்ளேகெயின் டேக் கிடையாது, ஆர்128 என்ற வேறு டேக். அதன் பொது அளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு), ரீப்ளேகெயினின் புதிய பதிப்பில் அது மைனஸ் 18. இரண்டு வகைக் கோப்பும் ஒரே உயரத்தில் கேட்க வேண்டுமானால் ஓபஸுக்கு 5 டெசிபல் கூட்ட வேண்டும், இந்த பிளேயரும் கூட்டுகிறது. ஆனால் உச்சியை எழுதும் டேக் அந்த வகையில் இல்லவே இல்லை. 5 டெசிபல் கூடுகிறது, எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியவில்லை, மிருதங்கம் மறுபடி கூரையில் முட்டுகிறது. எல்லைச் சோதனை இருப்பதால் கிழியாது, ஆனால் சீவும். இதற்கு நல்ல வழி, சில மில்லி வினாடி முன்னால் பார்த்து, உச்சி வரப்போவது தெரிந்தால் மெதுவாகக் கெயினை இறக்கி ஏற்றும் ஒரு லிமிட்டர். எழுதி அனுப்பியிருக்கிறேன், மறுஆய்வில் இருக்கிறது. எவ்வளவு வேகத்தில் திரும்ப ஏற்றுவது என்பதில்தான் பேச்சு நீள்கிறது. வேகமாக ஏற்றினால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தம்புரா மூச்சு விடுவது போலக் கேட்கிறது, மெதுவாக ஏற்றினால் ஒரு கைதட்டலுக்குப் பிறகு பாடகர் கொஞ்ச நேரம் அமுங்கிப் போகிறார். அது முடியும் வரை ஓபஸ் கச்சேரிகளைக் கேட்பவர்கள் ரீப்ளேகெயின் பிரிஆம்பை மைனஸ் 6-ல் வைத்துக்கொள்ளுங்கள்.